ஒரு டி-ஷர்ட், ஒரே எண்: பேட்டர்னிலிருந்து பில்லிங் வரை பின்னலாடைத் தொழிலில் கம்ப்யூட்டரைக் கொண்டுவருவது எப்படி?

திருப்பூரில் 30 மிஷின் வைத்து நடக்கும் ஒரு பனியன் கம்பெனியில், ஒரு ஆர்டரின் ஸ்டைல், கலர், சைஸ் விவரம் எத்தனை இடத்தில் எழுதப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் எக்செல்லில் ஒருமுறை. கட்டிங் மாஸ்டரின் நோட்டில் ஒருமுறை. பவர் டேபிளுக்கு (கூலிக்குத் தைத்துத் தரும் யூனிட்) போகும் சீட்டில், செக்கிங் மேஜையில், பேக்கிங் லிஸ்ட்டில், டேலி கணக்கு சாஃப்ட்வேரில். சொந்த பிராண்ட் இருந்தால் கடை பில்லிங்கிலும் ஆன்லைன் தளத்திலும் மறுபடி. எழுதும் ஒவ்வொரு முறையும் ஒரு தப்பு நுழைய வழி கிடைக்கிறது. நேவி என்பது டார்க் ப்ளூ ஆகும். 240 என்பது 204 ஆகும்.

இத்தனைக்கும் அந்தக் கம்பெனியில் ஐந்தாறு கம்ப்யூட்டர் இருக்கும். ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் தனித்தனியே இருக்கும், அவ்வளவுதான். ஒரு தகவலை ஒரே ஒருமுறை டைப் செய்து, வடிவமைப்பு, தயாரிப்பு, விற்பனை மூன்றிலும் அதையே ஓடவிடுவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. உள்நாட்டு விற்பனையோடு கொஞ்சம் ஜாப் ஒர்க்கும் (பிறருக்காகக் கூலிக்குச் செய்யும் வேலை) செய்யும் சிறு, நடுத்தர யூனிட்டை மனதில் வைத்து எழுதியது. பெரிய ஏற்றுமதி நிறுவனங்கள் இதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே செய்துவிட்டன.

படி 1: சாஃப்ட்வேர் வாங்கும் முன் எண்களைச் சரிசெய்யுங்கள்

இதற்குச் செலவு கிடையாது. அதனாலேயே பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒவ்வொரு ஸ்டைலுக்கும் ஒரு எண், ஒவ்வொரு கலருக்கும் ஒரு எண், ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு எண் கொடுங்கள். மூன்றையும் சேர்த்தால் ஒரு சரக்கின் அடையாளம் கிடைத்துவிடும். ஸ்டைல் 1012, கலர் 14, சைஸ் 33 என்றால் 10121433. ஒரு ஸ்டைலில் 6 கலர், 5 சைஸ் என்றால் 30 தனிச் சரக்கு. பத்து ஸ்டைல் வைத்திருந்தால் 300. இதைத் தலையில் வைத்துக்கொள்ள எந்த ஸ்டோர் கீப்பராலும் முடியாது.

எண் வைக்கும்போது இரண்டு விஷயம். பூஜ்யத்தில் தொடங்கும் எண் வேண்டாம். எக்செல் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும். கலரை 11-லிருந்து தொடங்கினால் அந்தத் தொல்லை இல்லை. நடுவில் கோடு போட்டு 4-3 என்று எழுதினால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும். அதனால் கோடும் வேண்டாம்.

கலருக்கு எண் கொடுக்கும்போது பக்கத்திலேயே பான்டோன் (உலகம் முழுக்கப் பயன்படும் கலர் அட்டை) எண்ணையும் குறித்து வையுங்கள். பருத்தித் துணிக்கு டி.சி.எக்ஸ். என்று முடியும் வரிசை இருக்கிறது. மானிட்டரில் தெரிவதைக் காட்டி டையிங் யூனிட்டிடம் 'இந்தக் கலர்' என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை; மானிட்டருக்கு மானிட்டர் கலர் மாறும். பெரிய டையிங் யூனிட்டுகளில் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இருக்கும். அது லேப் டிப்பை (சாயமிட்ட சிறு மாதிரித் துணி) அளந்து, கேட்ட கலருக்கும் வந்த கலருக்கும் உள்ள வித்தியாசத்தை டெல்டா ஈ என்ற எண்ணாகச் சொல்லும். 1-க்குள் இருந்தால் பொதுவாக ஒத்துக்கொள்வார்கள். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, லாட் எண்ணோடு (ஒரே தடவையில் சாயமிட்ட துணித் தொகுதியின் எண்) சேர்த்துப் பதிவு செய்யுங்கள். கடை விளக்கில் ஒரு கலராகவும் வெயிலில் வேறு கலராகவும் தெரியும் துணி உண்டு என்பதால், லைட் பாக்ஸில் டி65 (பகல் வெளிச்சம்), டி.எல்.84 (கடை விளக்கு) இரண்டிலும் பார்க்கச் சொல்வதும் நல்லது.

படி 2: பேட்டர்னும் மார்க்கரும். முதல் பணம் இங்கேதான்

டி-ஷர்ட்டின் அடக்க விலையில் மிகப் பெரிய பங்கு துணிக்குத்தான் போகிறது. ஆகவே கையில் இருக்கும் முதல் பணத்தைத் துணியைச் சேமிக்கும் இடத்தில் போடுவதே நியாயம். ஊரில் 'கேட்' (சி.ஏ.டி.) என்று சுருக்கிச் சொல்லும் பேட்டர்ன் சாஃப்ட்வேர் அந்த வேலையைத்தான் செய்கிறது. கெர்பர், லெக்ட்ரா, டுகாடெக், ஆப்டிடெக்ஸ் ஆகியவை அதிகம் கேள்விப்படும் பெயர்கள். பிரான்ஸின் லெக்ட்ரா 2021-ல் அமெரிக்காவின் கெர்பரை வாங்கிவிட்டதால் அந்த இரண்டும் இப்போது ஒரே வீடு. பழகிப் பார்க்க மட்டும் வேண்டுமானால் சீம்லி2டி என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது.

அட்டையில் வெட்டி வைத்திருக்கும் பேட்டர்னை டிஜிட்டைசர் பலகையிலோ, அளவுக்கட்டம் போட்ட பலகையில் வைத்து எடுத்த போட்டோவிலோ உள்ளே ஏற்றலாம். ஆர்ம்ஹோல், கழுத்து வளைவுகளைத் திரையில் புள்ளிகளை இழுத்துச் சரிசெய்வீர்கள். இந்த வளைவுக் கணக்கைப் பிரபலமாக்கியவர் 1960-களில் ரெனோ கார் கம்பெனியில் பொறியாளராக இருந்த பியர் பெசியே. கார் உடலுக்குப் போட்ட கோடு இன்று பனியன் கழுத்துக்கும் உதவுகிறது!

பேட்டர்ன் உள்ளே வந்ததும் கிரேடிங், அதாவது ஒரு சைஸிலிருந்து மற்ற சைஸ்களை உருவாக்குவது. சைஸுக்கு சைஸ் மார்புச் சுற்றளவு 5 செ.மீ. கூட்டுவது பரவலான வழக்கம். விதியை ஒருமுறை கொடுத்தால் எல்லா சைஸும் தானே வந்துவிடும். அடுத்தது சுருக்கம். பின்னல் துணி துவைத்தால் சுருங்கும், திருகும். 50 செ.மீ.க்கு 50 செ.மீ. சதுரம் குறித்து, துவைத்துக் காயவைத்து அளந்தால் சதவீதம் தெரியும். நீளத்தில் 5 சதவீதம் சுருங்கும் துணியில் 72 செ.மீ. நீள டி-ஷர்ட் வேண்டுமென்றால் 72-ஐ 0.95-ஆல் வகுக்க வேண்டும்: 75.8. பலரும் 5 சதவீதத்தைக் கூட்டி 75.6 வைப்பார்கள். சின்ன வித்தியாசம்தான், ஆனால் சுருக்கம் 8, 10 சதவீதம் என்று போகும் துணியில் அது அளவுப் புகாராக வந்து நிற்கும். சாஃப்ட்வேரில் சதவீதத்தைக் கொடுத்தால் பெரும்பாலும் அதுவே பார்த்துக்கொள்ளும். எந்த முறையில் கணக்கிடுகிறது என்று மட்டும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

துணித் தேவையைக் கணக்கிடும் சூத்திரம் கட்டிங் மாஸ்டர்களுக்குத் தெரிந்ததுதான். உடல் நீளம் 72, கை நீளம் 22, தையல் மற்றும் மடிப்புக்கு 10, ஆக 104 செ.மீ. அரை மார்பு 54, தையலுக்கு 4, ஆக 58 செ.மீ. இரண்டையும் பெருக்கி, முன்னும் பின்னும் சேர்த்து இரண்டால் பெருக்கினால் 12,064 சதுர செ.மீ., அதாவது சுமார் 1.2 சதுர மீட்டர். 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) துணியில் அது ஏறக்குறைய 217 கிராம். இது விலை சொல்வதற்கான கணக்கு. உண்மையில் எவ்வளவு ஆகும் என்பதை மார்க்கர்தான் தீர்மானிக்கிறது.

மார்க்கர் என்பது எல்லா சைஸின் பாகங்களையும் துணியின் அகலத்துக்குள் நெருக்கி அடுக்கும் வரைபடம். அடைத்த பரப்பு எத்தனை சதவீதம் என்பதே அதன் தரம். கையால் அடுக்கி 80 சதவீதம் வருகிறது, சாஃப்ட்வேரில் 84 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20,000 பீஸுக்கு 4,400 கிலோ துணி போய்க்கொண்டிருந்தால், இனி சுமார் 4,190 கிலோ போதும். 210 கிலோ மிச்சம். கிலோ 400 ரூபாய் என்றால் மாதம் 84,000 ரூபாய். உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்து, சாஃப்ட்வேர் விலையை இந்தத் தொகையால் வகுத்தால் எத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பும் என்று தெரிந்துவிடும்.

ஆனால் இந்த மிச்சம் கைக்கு வராமல் போவதற்கு ஒரே ஒரு காரணம் போதும்: துணி அகலம். காம்பாக்டிங் (துணியை அமுக்கிச் சுருக்கத்தைக் குறைக்கும் வேலை) முடிந்து வரும் ரோல்கள் எல்லாம் ஒரே அகலத்தில் இருப்பதில்லை. 'போன லாட்டில் இவ்வளவுதானே' என்று பழைய அகலத்தைக் கொடுத்து மார்க்கர் போட்டால், அகலமான ரோலின் ஓரம் குப்பைக்குப் போகும். குறுகின ரோலில் பாகம் வெளியே தள்ளும். ரோல் வந்ததும் மூன்று இடத்தில் அளந்து, அகலவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனி மார்க்கர் போடுங்கள். கையால் செய்தால் அரை நாள் ஆகும் வேலை, சாஃப்ட்வேரில் சில நிமிடம். என் கணிப்பில், பேட்டர்ன் சாஃப்ட்வேர் வாங்குவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இன்னொன்று: ஜாப் ஒர்க் கொடுப்பவர் வேறு சாஃப்ட்வேர் வைத்திருந்தால், ஃபைலை டி.எக்ஸ்.எஃப். என்ற பொது வடிவத்தில் வாங்குங்கள். ஆடைத் தொழிலுக்கென்றே ஏ.ஏ.எம்.ஏ., ஏ.எஸ்.டி.எம். என்ற இரண்டு வகை அதில் உண்டு. திறந்ததும் ஒரு பாகத்தின் நீளத்தை அளந்து பாருங்கள். அங்குலம், செ.மீ. குழப்பம் அடிக்கடி நடக்கும்.

3டி சாம்பிள் வேண்டுமா?

க்ளோ, பிரவுஸ்வேர் போன்ற சாஃப்ட்வேரில் துணியைத் தைக்காமலேயே பொம்மை மேல் மாட்டிப் பார்க்கலாம். வெளிநாட்டு பையர் கேட்டால் வாங்குங்கள். சாம்பிளை கூரியரில் அனுப்பித் திருத்தி மறுபடி அனுப்பும் வாரங்கள் மிச்சமாகும். உள்நாட்டு ரவுண்ட் நெக்குக்கு இப்போதைக்குத் தேவையில்லை. துணியின் எடை, இழுவை, வளைவு எல்லாம் அளந்து கொடுக்காவிட்டால் திரையில் விழும் மடிப்பு வெறும் அலங்காரம்தான்.

படி 3: கட்டிங்

மார்க்கரைப் பேப்பரில் அச்சடிக்க ஒரு பிளாட்டர் போதும். அதுவும் வேண்டாமென்றால் ஃபைலைக் கொடுத்து வெளியே அச்சடித்து வாங்கலாம். தானியங்கி கட்டர் என்பது வேறு கதை. துணி அடுக்கின் மேல் பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி, கீழிருந்து காற்றை உறிஞ்சி அடுக்கை அமுக்கிப் பிடித்து, மேலும் கீழும் துடிக்கும் கத்தியால் வெட்டும். ஜோசப் கெர்பர் 1960-களின் கடைசியில் கொண்டுவந்த யோசனை இது. இன்றைக்கும் அடிப்படை அதுதான். நாள் முழுக்க ஓட்டும் அளவுக்கு ஆர்டர் இல்லாதவர்கள் இதைச் சொந்தமாக வாங்கினால் வட்டி கட்டியே களைத்துப்போவார்கள். தேவைப்படும்போது ஜாப் ஒர்க் கொடுக்கலாம்.

எந்த மிஷினில் வெட்டினாலும், ரோலைப் பிரித்துத் துணியை ஒரு நாள் தளர விடுவது மாறாது. இழுபட்ட நிலையில் வெட்டிய துணி தைத்த பிறகு தன் அளவுக்குத் திரும்பும். எந்த சாஃப்ட்வேரும் அதைத் தடுக்காது.

படி 4: தையல் ஹாலில் பண்டல் சீட்டு

வெட்டிய பாகங்களை இருபது இருபதாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு க்யூ.ஆர். சீட்டு ஒட்டுங்கள். முதல் படியில் வைத்த சரக்கு எண், லாட் எண், கட்டு எண், பீஸ் எண்ணிக்கை எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். ஓவர்லாக் தையல் முடிந்ததும் ஒரு ஸ்கேன், பேட்லாக் தையல் முடிந்ததும் ஒரு ஸ்கேன், செக்கிங்கில் ஒரு ஸ்கேன். ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன் ஸ்கேனராக வேலை செய்யும். பவர் டேபிளுக்கு வெளியே போகும் கட்டையும் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று ஸ்கேன் செய்தால், 'நாங்கள் 500 அனுப்பினோம், நீங்கள் 480-தான் தந்தீர்கள்' என்ற வழக்கமான தகராறு பெரும்பாலும் அடங்கிவிடும்.

இதிலிருந்து வரும் முக்கியமான எண், லைனின் செயல்திறன். ஒரு டி-ஷர்ட்டைத் தைக்க நியாயமாக ஆகும் நிமிடத்தை 'சாம்' என்பார்கள். சாதாரண ரவுண்ட் நெக்குக்கு அது ஏழு நிமிடத்தை ஒட்டி இருக்கும். 20 பேர் 480 நிமிடம் உழைத்து 800 பீஸ் வந்தால், 800-ஐ 7-ஆல் பெருக்கி 9,600-ஆல் வகுங்கள்: 58 சதவீதம். அது குறைவு என்று ஆட்களைத் திட்டுவதற்கு முன் ஸ்கேன் நேரத்தைப் பாருங்கள். கட்டுகள் எந்த மிஷின் முன்னால் குவிந்து நிற்கின்றன என்று தெரியும். பல நேரம் டெய்லரிடம் குறை இருக்காது. கழுத்து ரிப் வெட்டி வரத் தாமதமாகியிருக்கும். அல்லது நூல் கலர் தீர்ந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்கேன் கணக்கை முதலாளி மட்டும் பார்க்கும்படி வைத்தால் ஹாலில் யாரும் ஒத்துழைக்க மாட்டார்கள், வேவு பார்ப்பதாகத்தான் நினைப்பார்கள். பீஸ் ரேட் டெய்லருக்கு அன்றன்று மாலை அவர் தைத்த எண்ணிக்கை அவர் போனிலேயே தெரியட்டும். சனிக்கிழமை சம்பளக் கணக்கில் இரண்டு நோட்டைப் புரட்டிச் சண்டை போட வேண்டியிருக்காது. சீட்டை வாயில் வைத்துக் கடித்துக் கிழிக்காமல் ஸ்கேன் செய்ய ஆட்கள் பழக ஒன்றிரண்டு மாதம் ஆகும். அதுவரை பழைய நோட்டையும் கூடவே வைத்திருங்கள்.

படி 5: பெட்டியில் ஏறும் முன் பார்கோடு

இதுவரை வந்த எண் உங்கள் கம்பெனிக்குள் மட்டும் செல்லும். வெளியே பெரிய கடையிலும் ஆன்லைன் தளங்களிலும் விற்க 13 இலக்க எண் கேட்பார்கள். இந்தியாவில் ஜிஎஸ்1 இந்தியா அமைப்பில் பதிவு செய்து வாங்க வேண்டும். அங்கே தரும் எண் 890-ல் தொடங்கும். அது பொருள் இந்தியாவில் செய்யப்பட்டது என்பதற்கான சான்று அல்ல. எண் இங்கே பதிவானது என்பது மட்டுமே. ஒவ்வொரு கலருக்கும் சைஸுக்கும் தனி எண். ஒரு ஸ்டைலுக்கு ஒரே பார்கோடு ஒட்டினால், பிற்பாடு எந்த சைஸ் விற்றது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

பதின்மூன்றாவது இலக்கம் சரிபார்ப்பு எண். முதல் 12 இலக்கங்களை இடமிருந்து 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். 890123456789 என்பதற்கு 130 வரும். அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு தேவையோ அதுதான் கடைசி இலக்கம்; இங்கே பூஜ்யம். கையால் டைப் செய்யும்போது ஒரு இலக்கம் மாறினாலும் கணினி கண்டுபிடித்துவிடும். எக்செல்லில் இந்த எண்களை வைக்கும் பத்தியை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 8.90123இ+12 என்று சுருக்கிவிடும், அப்படியே சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் பின்பாதி போயே போச்சு.

கடையில் பார்கோடு முதன்முதலாக ஸ்கேன் ஆனது 1974 ஜூன் 26-ல், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் ட்ராய் ஊரில், ஒரு ரிக்லி சூயிங்கம் பாக்கெட்டில். அம்பது வருஷம் ஆகியும் அந்தக் கோடுகள் ஓய்வுபெறவில்லை.

படி 6: கடையும் ஆன்லைனும்

பில்லிங் சாஃப்ட்வேரில் பார்க்க வேண்டியது, ஸ்டைலுக்குக் கீழே கலர், சைஸ் கட்டம் போட்டு ஸ்டாக் காட்டுகிறதா என்பதை. மளிகைக் கடைக்காக எழுதிய சாஃப்ட்வேர் பலவற்றில் அது இருக்காது. வரியையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பீஸ் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18. தள்ளுபடி கொடுத்து விலை 2,500-க்குக் கீழே வந்தால் விகிதமும் மாற வேண்டும். ஆகவே பொருளுக்கு நிரந்தரமாக ஒரு விகிதத்தைப் பூட்டி வைக்கும் சாஃப்ட்வேர் உதவாது.

கடையிலும் இரண்டு மூன்று ஆன்லைன் தளங்களிலும் ஒரே சரக்கை விற்பவர்கள், ஸ்டாக் எண்ணிக்கை எங்கே இருக்கிறது என்பதை ஒரே இடமாக முடிவு செய்யுங்கள். கடைசி பீஸை இரண்டு இடத்தில் விற்றுவிட்டு ஆர்டரை ரத்து செய்தால் தளத்தில் உங்கள் மதிப்பு இறங்கும். ஆன்லைனில் திரும்பி வரும் சரக்குக்குப் பெரிய காரணம் சைஸ். அளவுப் பட்டியலைப் போட்டியாளரிடமிருந்து பார்த்து எழுதாமல், இரண்டாம் படியில் கிரேட் செய்த அதே அளவுகளைப் போடுங்கள். அந்த ஃபைல் உங்களிடம்தானே இருக்கிறது?

இனி இந்த மொத்த உழைப்புக்கும் பலன் தரும் இடம். வழக்கமாக நாம் எஸ், எம், எல், எக்ஸ்எல் நான்கையும் 1:2:2:1 என்று பழக்கத்தில் வெட்டுகிறோம். கடையில் மூன்று மாத விற்பனையை சைஸ்வாரியாக எடுத்துப் பாருங்கள். ஸ்டாக் தீர்ந்த நாட்களைக் கழித்துவிட்டுக் கணக்கிட வேண்டும்; சரக்கே இல்லாத நாளில் விற்கவில்லை என்பதால் தேவை இல்லை என்று ஆகாது. உண்மை விகிதம் 1:2:3:2 என்று வந்தால், அடுத்த மார்க்கரை அந்த விகிதத்தில் போடுங்கள். எஸ் சைஸ் மட்டும் மூட்டையாகச் சேர்ந்து திருப்பூரின் மொத்தச் சந்தையான காதர்பேட்டைக்கு அடிமாட்டு விலைக்குப் போவது குறையும். கடையின் எண் கட்டிங் மேஜைக்குத் திரும்பி வருவது இங்கேதான். பல லட்சம் கொடுத்து இ.ஆர்.பி. (கம்பெனி முழுவதையும் இணைக்கும் சாஃப்ட்வேர்) வாங்கியவர்கள்கூட இந்த ஒரு வேலையைச் செய்வதில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

உலக அளவில் இதை வைத்தே வளர்ந்தது ஸ்பெயினின் ஜாரா. 1975-ல் லா கொருன்யாவில் முதல் கடை. அருகிலுள்ள அர்த்தெய்ஷோவில் தலைமையகம். கடைகளுக்கு வாரம் இரண்டு முறை புதுச் சரக்கு போகும், விற்பதைப் பார்த்துத்தான் அடுத்து என்ன தைப்பது என்பது முடிவாகும். 2014-லிருந்து ரேடியோ அலையால் படிக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. சில்லுகளையும் கொண்டுவந்தார்கள். அப்போது சில்லு திருட்டுத் தடுப்பு பூட்டுக்குள் இருந்தது. விற்றதும் கழற்றி மறுபடி பயன்படுத்தினார்கள். யூனிக்லோ கடைகளில் ஆடைகளைக் கூடையில் போட்டாலே பில் வருவதும் இதே சில்லால்தான். ஒரே கடை வைத்திருப்பவருக்கு இப்போது இது தேவையில்லை. பையர் கேட்டால் டேக்கை அவர்கள் சொல்லும் இடத்தில் வாங்கி ஒட்டிக்கொடுத்தால் போதும்.

ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்பவர்கள் மட்டும் இன்னொன்றைக் கவனிக்கவும். 2024 ஜூலையில் அங்கே நடைமுறைக்கு வந்த சட்டம் பல வகைப் பொருள்களுக்குப் படிப்படியாக டிஜிட்டல் பாஸ்போர்ட் கேட்கப்போகிறது. முதல் வரிசையில் ஜவுளியும் இருக்கிறது. நூல் லாட், டையிங் லாட் எண்களைப் பண்டல் சீட்டோடு இப்போதே கட்டி வைத்தால், கேட்கும்போது தேட வேண்டியதில்லை.

சாஃப்ட்வேர்காரர் டெமோவுக்கு வரும்போது

அவர் கொண்டுவரும் அழகான மாதிரித் தகவலைப் பார்க்காதீர்கள். உங்கள் பழைய ஆர்டர் ஒன்றை, ஆறு கலரும் ஐந்து சைஸுமாக, உங்கள் கண் முன்னால் ஏற்றச் சொல்லுங்கள். பாதி பீஸ் பவர் டேபிளில் இருக்கும்போது பையர் எண்ணிக்கையை மாற்றினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். நெட் போனால் ஸ்கேன் நிற்குமா என்று கேளுங்கள். டேலிக்குப் பில் தானாகப் போகுமா, யாராவது மறுபடி டைப் செய்ய வேண்டுமா? திருட்டு காப்பி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். வைரஸ் ஒருமுறை பேட்டர்ன் ஃபைல்களைப் பூட்டிவிட்டால் சீசனே போய்விடும். கடைசியாக, எங்கள் தகவல் முழுவதையும் எக்செல்லில் நாங்களே எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். 'எங்களிடம் சொன்னால் எடுத்துத் தருவோம் சார்' என்று பதில் வந்தால், காபி கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடலாம்.